முகவரி தொலைந்த தாடையெலும்பு

சென்ற ஆண்டு பள்ளி ஆசிரியர் ஒருவர், செய்தித்தாளில் சுற்றிய கல்லொன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தால், நான்கு கடைவாய்ப் பற்களோடு ஒரு தாடைத் துண்டு. பற்களின் எனாமல் கறுத்துப் பளபளத்தது. வடக்கே சுற்றுலா சென்றபோது சாலையோரக் கடையொன்றில் வாங்கியதாகச் சொன்னார். மண் அப்பிக் கிடந்ததால் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வார்னிஷும் பூசியிருந்தார். தாவரம் தின்னும் பாலூட்டி ஒன்றின் தாடை என்பதை என்னால் சொல்ல முடிந்தது. எந்த ஊரில், எந்தப் பாறையடுக்கில் கிடந்தது என்பதைச் சொல்ல முடியவில்லை. பற்களின் இடுக்கில் இருந்த களிமண்ணாவது ஏதேனும் துப்புக் கொடுத்திருக்கும், அதுவும் கழுவப்பட்டுவிட்டது.

புவியியலாளனாக முப்பது ஆண்டுகள் பாறைகளோடு பழகிவிட்ட எனக்கு இது சிறிய இழப்பாகத் தோன்றவில்லை. டைனோசர்கள் அழிந்தபின் பாலூட்டிகள் எப்படிப் பெருகின என்ற வரலாற்றின் முக்கியமான பகுதிகள் நம் துணைக்கண்டத்தின் பாறைகளில்தான் இருக்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய மெக்சிகோவின் யுகடான் பகுதியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் விழுந்த காலத்தில், இந்தியா ஆசியாவோடு இன்னும் சேராமல், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே தனி நிலப்பரப்பாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவிக்கொண்டிருந்தது. பின்னர் நிலநடுக்கோட்டை நெருங்கிய கரையோரச் சதுப்புகளில் மரங்கள் மடிந்து புதைந்து பழுப்பு நிலக்கரியாயின. குஜராத்தின் சூரத் மாவட்டத்திலுள்ள வாஸ்தான் சுரங்கத்தில், அத்தகைய நிலக்கரி அடுக்குகளுக்கிடையே, சுமார் 5.45 கோடி ஆண்டுகள் பழைமையான வௌவால்களின் எச்சங்களும், குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவான காம்பேதீரியம் என்னும் விலங்கின் எலும்புகளும் கிடைத்தன. சுரங்கம் தோண்டியிராவிட்டால் அவை வெளியே வந்திருக்கமாட்டா. கவனிக்க ஆளில்லாவிட்டால் தோண்டும் இயந்திரமே அவற்றைப் பொடியாக்கிவிடும்.

ஓர் எலும்பின் இடம் தெரிந்தால் எவ்வளவு தெரியவரும் என்பதற்கு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள பிக்ஹார்ன் படுகையைச் சொல்வேன். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் பெருமளவு கரிமம் கலந்து, புவியின் சராசரி வெப்பநிலை 5 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. அது தணிய ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டுகள் ஆயின. அக்காலத்தில் அங்கே வாழ்ந்த சிஃப்ரிப்பஸ் என்னும் ஆதிக் குதிரை, வீட்டுப் பூனையின் அளவே இருந்தது. வெப்பம் ஏறிய முதல் 1.3 லட்சம் ஆண்டுகளில் அதன் உடல் சுமார் 30 விழுக்காடு சிறுத்து, பிறகு குளிர்ந்தபோது மீண்டும் பெருத்தது. இதைக் கண்டறிய உதவியவை சின்னஞ்சிறு கடைவாய்ப் பற்கள். ஒவ்வொரு பல்லும் எந்த அடுக்கில் எடுக்கப்பட்டது என்று எழுதி வைத்திருந்ததால்தான் அவற்றைக் கால வரிசையில் நிறுத்த முடிந்தது. அந்தக் குறிப்பு இல்லையென்றால், பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும் ஒரு கைப்பிடிப் பற்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நம் நாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. ஜம்முவின் காலாகோட் பகுதியில் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் பாறைத் துண்டுகளைச் சேகரித்து, 1971-இல் இண்டோஹையஸ் என்னும் விலங்குக்குப் பெயரிட்டார். அவர் மறைந்தபின் அந்தக் கற்களை அவருடைய மனைவி ஆய்வாளர் தெவிசனிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் தற்செயலாக ஒரு மண்டையோடு உடைந்தபோது, திமிங்கலங்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட தடித்த காதெலும்பு உள்ளே தெரிந்தது. 2007-இல் வெளியான அந்த ஆய்வு, நம் காட்டுச் சருகுமானைப் போன்ற சிறு விலங்கொன்றைத் திமிங்கலங்களின் மிக நெருங்கிய உறவாக முன்னிறுத்தியது. அந்தக் கற்கள் அத்தனை ஆண்டுகள் பத்திரமாக இருந்ததற்கு நான் அந்த அம்மையாருக்கு மனத்தால் நன்றி சொல்லாத நாள் குறைவு.

அரியலூர்ப் பக்கத்து வாசகர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கல்லமேடு அடுக்குகள் டைனோசர் காலத்தவை. நினியூர் அடுக்குகள் டைனோசர்கள் அழிந்த பிறகு கடலடியில் படிந்தவை. ஊர்ப்பெயர் எழுதாத சிப்பி ஒன்று இந்த எல்லைக்கு எந்தப் பக்கத்தது என்று சொல்வது எங்களுக்கும் கடினமாகிவிடும்.

எலும்பையோ பல்லையோ ஒத்த கல் கண்ணில் பட்டால், தோண்டி எடுக்க முயலாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள். கைப்பேசி காட்டும் இடக்குறிப்பையும், பள்ளத்தின் மேலிருந்து எத்தனை அடி ஆழம், மேலும் கீழும் மண் என்ன நிறம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் (ஜியாலஜி) துறைக்கோ தெரிவியுங்கள். ஏற்கெனவே பெயர்ந்து கிடந்ததைக் கையில் எடுத்திருந்தால், மண்ணைக் கழுவாமல் தாளில் சுற்றி, உள்ளே சீட்டெழுதிப் போடுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கவே வாங்காதீர்கள். வாங்குபவர் இருப்பதால்தான் பாறையை உடைக்கிறார்கள்.

அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போய்ப் பழைய பயணச்சீட்டுகளைத் தேடி, கடை இருந்த ஊரின் பெயரைத் தொலைபேசியில் சொன்னார். ஒரு சீட்டில் 'வாங்கிய ஊர்' என்று அதை எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன். 'கிடைத்த இடம்', 'அடுக்கு' என்ற இரண்டு வரிகள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.