அணு உலைக்குப் பயப்படும் நாம் வெல்டிங் தீப்பொறியைக் கவனிப்பதில்லை

கப்பல் கட்டும் யார்டில் வெல்டிங்குக்கான பெர்மிட்டில் (அனுமதிச் சீட்டில்) ஃபயர் வாட்ச், அதாவது தீப்பற்றாமல் காவல் நிற்பவர், பெயர் இருக்கும். பல்க்ஹெட்டுக்கு (கப்பலின் உள் சுவருக்கு) அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் ஆள் இருக்கமாட்டார். எத்தனை முறை சொன்னாலும் இதே நிலைமை என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் என்றாலே எல்லாரும் உலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கட்டுமானக் காலத்தின் பெரும்பகுதியில் அந்த உலை இயங்கவே தொடங்கியிருக்காது. அமெரிக்காவின் ஜெரால்டு ஆர். ஃபோர்டு கப்பலுக்கு 2009 நவம்பரில் கீல் (கப்பலின் அடித்தண்டு) போட்டார்கள். கடற்படையில் சேர்ந்தது 2017 ஜூலையில். இடைப்பட்ட ஆண்டுகளில் ஓயாமல் நடப்பது வெல்டிங், கட்டிங், கிரைண்டிங்.

"இரும்புக் கப்பல்தானே, அதில் என்ன எரியப் போகிறது?" என்கிறார்கள். எரிவது இரும்பல்ல. பெயின்ட், கேபிள் உறை, இன்சுலேஷன் ஒட்டும் பசை, அட்டைப்பெட்டி, பில்ஜில் (கப்பலின் அடிப்பகுதியில்) தேங்கிய எண்ணெய் ஆகியவைதான் எரிகின்றன. இரும்புச் சுவர் தீயைத் தடுத்துவிடும் என்று நம்புவது அதைவிட ஆபத்து. பல்க்ஹெட்டின் இந்தப் பக்கம் ஒரு பிராக்கெட்டை வெல்ட் செய்தால், சூடு தகட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடும். அங்கே பெயின்ட் முதலில் பழுப்பாகும், கொப்புளிக்கும், பிறகு புகையும். அதை ஒட்டிக் கிடக்கும் துணியோ அட்டையோ பற்றிக்கொள்ளும். முகக்கவசத்துக்குள் இருக்கும் வெல்டருக்கு இது தெரிய வழியே இல்லை. டெக்கில் (கப்பலின் தளத்தில்) வேலை என்றால் அந்தப் பக்கம் என்பது கீழ் அறையின் கூரை. ஓர் அறைக்கு நான்கு சுவர், தளம், கூரை என ஆறு பக்கம். ஆறையும் போய்ப் பார்க்காமல் பெர்மிட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போதைய கட்டுமான முறையில் இந்த ஆபத்து கூடியிருக்கிறது. ஃபோர்டு கப்பலைக் கட்டிய நியூபோர்ட் நியூஸ் யார்டில் கப்பலின் பெரும் பிளாக்குகளைத் (பகுதிகளைத்) தரையிலேயே கட்டி, பைப், கேபிள், பெயின்ட் வரை முடித்த பிறகுதான் 1,050 டன் கிரேனால் டிரை டாக்கில் (கப்பல் கட்டும் உலர் தொட்டியில்) இறக்குகிறார்கள். நேரம் மிச்சமாகிறது, நல்ல முறைதான். ஆனால் பிளாக்குகளை இணைக்கும் வெல்டிங், முடித்து வைத்த கேபிளுக்கும் பெயின்டுக்கும் பக்கத்திலேயே நடக்கிறது. தற்காலிக கேபிளும் காற்றுக்குழாயும் ஹேட்ச் (அறையின் வாசல்) வழியாகவே ஓடுவதால், தீ என்றால் கதவைச் சாத்தவும் முடியாது. சட்டென்று கழற்றும் இணைப்பு இல்லாத எந்தக் குழாயையும் வாசல் வழியாக இழுக்க விடாதீர்கள்.

கட்டி முடித்த கப்பலும் தப்புவதில்லை. 2008 மே மாதம் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற அணுசக்திக் கப்பலில், வைக்கக் கூடாத இடத்தில் வைத்த சுமார் 90 கேலன் கம்ப்ரஸர் எண்ணெய்க்கு அருகே அனுமதியில்லாமல் புகைபிடித்ததில் தீப்பற்றியது. அணைக்க ஏறக்குறைய 12 மணி நேரம், சேதம் சுமார் 7 கோடி டாலர். உலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வெல்டிங் நடக்கும் இடத்திலிருந்து 35 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. நகர்த்த முடியாததைத் தீத்தடுப்புப் போர்வையால் மூடுங்கள். கேபிள் துளை, பைப் துளை எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள், தீப்பொறி கீழே இரண்டு டெக் வரைகூட விழும். மூடிய அறையில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உள்ளே போகாதீர்கள். வெல்டிங்கில் பயன்படும் ஆர்கான் வாயு வாசனையே இல்லாதது, அடியில் தேங்கும். ஆக்சிஜன் மீட்டரைத் தரைமட்டத்திலும் பிடித்துப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் போகும்போது கேஸ் ஹோஸை அறைக்குள் விட்டுப் போகாதீர்கள். டார்ச்சை மட்டும் மூடினால் போதாது, வெளியே வால்வை அடைத்து ஹோஸையும் இழுத்து வந்துவிடுங்கள். கொச்சியில் 2018 பிப்ரவரியில் சாகர் பூஷண் கப்பலில் ஐந்து பேர் இறந்த வெடிப்புக்கும் அசிட்டிலீன் கசிவையே காரணமாகச் சொன்னார்கள்.

வெல்டிங் முடிந்த பிறகும் ஃபயர் வாட்ச் குறைந்தது 30 நிமிடம் நிற்க வேண்டும், இரு பக்கமும். ஃபோர்மேன்களிடம் ஒரு வேண்டுகோள்: ஷிஃப்ட் முடிய அரை மணி முன்பே ஹாட் ஒர்க்கை (வெல்டிங், கட்டிங் போன்ற வேலையை) நிறுத்துங்கள். பஸ் புறப்படும் நேரம் வரை வெல்டிங் ஓடவிட்டால் அந்த அரை மணி நிற்க யாரும் இருக்கமாட்டார்கள்.