வைட்டல்ஸ்: உயிர்க்குறிகள்

அவசரப் பிரிவில் நோயாளியை ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றியதுமே டாக்டர் கேட்பது, "வைட்டல்ஸ் என்ன சிஸ்டர்?" நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சுவாச எண்ணிக்கை, உடல் வெப்பம், ஆக்ஸிஜன் அளவு, நினைவு நிலை ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் வைட்டல்ஸ். முழுப்பெயர் வைட்டல் சைன்ஸ். வார்டுகளில் இன்றும் டி.பி.ஆர். சார்ட் என்பார்கள். வெப்பம், நாடி, சுவாசம் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள் அவை.

லத்தீனில் வீட்டா என்றால் உயிர். வைட்டல் என்பதற்கு 'உயிர் சார்ந்த' என்பதே முதற்பொருள். 'மிக முக்கியமான' என்பது பிறகு ஒட்டிக்கொண்டது. இதைக் கவனிக்காமல் 'முக்கிய அறிகுறிகள்' என்று மொழிபெயர்க்கிறார்கள். அதில் இரண்டு சொல்லுமே சறுக்குகின்றன. 'தலை சுத்துது', 'நெஞ்சு அடைக்குது' என்று நோயாளி சொல்வது அறிகுறி. பார்ப்பவர் தொட்டும் எண்ணியும் அளந்தும் கண்டுகொள்வது குறி. சார்ட்டில் தனித்தனிக் கட்டத்தில் போக வேண்டிய இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதால்தான் குழப்பம். உயிர்க்குறிகள் என்பதே பொருத்தம், சொல்லவும் எளிது.

கருவிகள் வர வரப் பட்டியலும் நீண்டது. காய்ச்சலை எண்ணாகப் பதியும் பழக்கத்தை ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிச்சின் 1868ஆம் ஆண்டு நூல் நிலைநாட்டியது. இரத்த அழுத்தம் அளக்கக் கையில் சுற்றும் பட்டையை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896இல் கொண்டுவந்தார். அதில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையை ரஷ்யாவின் கொரோட்காஃப் 1905இல் சேர்த்தார். விரலில் மாட்டினால் இரத்த ஆக்ஸிஜனைக் காட்டும் ஆக்ஸிமீட்டரின் அடிப்படை 1970களில் ஜப்பானின் தக்குவோ அயோயாகி கண்டது. கொரோனா காலத்தில் அது வீட்டு அலமாரிக்கே வந்துவிட்டது.

கருவியே இல்லாமல் எடுக்க வேண்டியது சுவாச எண்ணிக்கை. அதிகம் ஏமாற்றி எழுதப்படுவதும் அதுதான். உயிர்த்தல் என்றாலே பழந்தமிழில் மூச்சுவிடுதல்; அப்படியிருக்க, மற்ற எண்களை அளந்துவிட்டு இந்தக் கட்டத்தில் மட்டும் கண்ணால் பார்த்து 18 அல்லது 20 என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாடி 104, மேல் அழுத்தம் 112, ஆக்ஸிஜன் 95, வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட், நல்ல நினைவு, வெளி ஆக்ஸிஜன் இல்லை. சுவாசம் 18 என்று எழுதினால் உயிர்க்குறிகளைக் கூட்டி ஆபத்தை மதிப்பிடும் பிரிட்டனின் நியூஸ்2 முறையில் மதிப்பெண் 2, காத்திருக்கலாம். உண்மையில் எண்ணிப் பார்த்து 26 என்று வந்தால் மதிப்பெண் 5. டாக்டரை உடனே அழைக்க வேண்டிய எல்லை அது. நோயாளி ஒருவரே, மாறியது ஒரு கட்டம்தான்.

எண்ணும் விதம் இது: நாடியை எண்ணி முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்காமல், நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 'மூச்சை எண்ணப் போறேன்' என்று சொல்லிவிட்டால் மூச்சு மாறிவிடும். நாடிக்கும் கட்டைவிரலை வைக்கக்கூடாது. தன் துடிப்பையே எண்ணிவிட நேரும். துடிப்பு ஒழுங்காக இருந்தால் 30 விநாடி எண்ணி இரட்டிக்கலாம், தாறுமாறாக இருந்தால் ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும்.

இரத்த அழுத்தத்தில் பிழை பெரும்பாலும் பட்டையில்தான். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் அழுத்தம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஒல்லியான கைக்குப் பெரியது சுற்றினால் குறைத்துக் காட்டும். கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் எண் ஏறும். கையால் எடுக்கும்போது, மணிக்கட்டு நாடி மறையும் எண்ணுக்கு மேல் இன்னும் 30 மி.மீ. ஏற்றி, விநாடிக்கு 2 முதல் 3 மி.மீ. என்ற வேகத்தில் இறக்க வேண்டும். அவசரத்தில் சட்டென்று காற்றைத் திறந்துவிட்டால் மேல் எண் குறைவாகவும் கீழ் எண் அதிகமாகவும் பதிவாகும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (இரத்தக்குழாய் இணைப்பு) போட்ட கையில் பட்டையே கூடாது. ஆக்ஸிமீட்டரை மறுகை விரலில் மாட்டுங்கள். ஒரே கையில் இருந்தால் பட்டை இறுகும்போதெல்லாம் அலாரம் கத்தும். குளிர்ந்த விரலிலும் அடர்ந்த நகப்பூச்சிலும் அந்தக் கருவி தடுமாறும். புகையில் சிக்கி வந்தவருக்கு 99 காட்டினாலும் நம்பக்கூடாது: கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தை அது ஆக்ஸிஜன் ஏறியதாகவே எடுத்துக்கொள்ளும்.

வெப்பத்துக்கு இவ்வளவு வம்பில்லை. வாயிலா அக்குளிலா என்பதை எழுதினால் போதும்.

பதிவில் எண்ணோடு சூழ்நிலையும் வேண்டும். ஆக்ஸிஜன் 96 என்று மட்டும் இருந்தால் பாதித் தகவல்தான். 'ரூம் ஏர்' (வெளி ஆக்ஸிஜன் இல்லாமல் சாதாரணக் காற்று) என்றோ, மாஸ்கில் எத்தனை லிட்டர் என்றோ சேர்ந்தால்தான் முழுமை. எடுத்த நேரத்தை எழுத வேண்டும், சார்ட்டை நிரப்பிய நேரத்தை அல்ல. அழுத்தம் கிடைக்கவில்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடாமல் 'பதிவாகவில்லை' என்று எழுதி, உடனே வாயாலும் சொல்ல வேண்டும். தப்பாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்துக் கையெழுத்திட வேண்டும். வெள்ளை மை பூசிய எம்.எல்.சி. (சட்டம் தொடர்பான மருத்துவ வழக்கு) சார்ட் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கே இடம் கொடுக்கும்.

வலியை 'ஐந்தாவது உயிர்க்குறி' என்று 1990களில் அமெரிக்காவில் சேர்த்தார்கள். ஓபியாய்டு என்னும் அபின் வகை வலி நிவாரணி மருந்துகள் அளவுமீறிப் போனதில் அதற்கும் பங்குண்டு என்ற கண்டனம் எழ, அந்நாட்டு மருத்துவச் சங்கமே 2016இல் அதைக் கைவிடச் சொன்னது. நோயாளி சொல்லித்தான் தெரிய வேண்டிய வலி, மேலே சொன்ன பிரிப்பின்படி அறிகுறி. கேட்டு எழுத வேண்டியதுதான், ஆனால் வேறு கட்டத்தில்.

'வைட்டல்ஸ் ஸ்டேபிள்' என்ற தொடருக்கும் எச்சரிக்கை தேவை. ஸ்டேபிள் என்றால் மாறாமல் நிற்கிறது என்றுதான் பொருள், நன்றாக இருக்கிறது என்றல்ல. ஒருமுறை மட்டும் அளந்துவிட்டு அப்படி எழுத முடியாது. கால் மணி நேர இடைவெளியில் இரண்டு முறையும் மேல் அழுத்தம் 80 என்றால் அதுவும் ஸ்டேபிள்தான்! சார்ட்டில் அந்தச் சொல்லுக்குப் பதில் எண்களையே எழுதுங்கள். வெளியே நிற்கும் உறவினரிடம், எந்த எண் சரியாக இருக்கிறது, எது இன்னும் சரியாகவில்லை என்று தமிழிலேயே சொல்லுங்கள்.