ஹார்ட்போர்டு கிட்டாரின் உயிரெழுத்து

“மரநாரை அமுக்கிச் செய்த ஹார்ட்போர்டு கிட்டார்களைப் பெரிய கலைஞர்கள் தேடிப்பிடித்து வாசிக்கிறார்களாமே, உண்மையா? உண்மை என்றால் நல்ல மரத்தில் இழைத்த விலையுயர்ந்த கிட்டாரில் என்னதான் இருக்கிறது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். அவருடைய இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடினால் மின்காந்தவியலின் மிக அழகான ஒரு மூலைக்குப் போய்ச் சேருவோம்.

முதலில் அந்தக் கிட்டார். நேதன் டேனியல் என்ற அமெரிக்கர் 1947இல் டேன்எலக்ட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் ஆம்ப்ளிஃபயர்கள் செய்தவர், 1950களின் நடுவில் கிட்டாரில் இறங்கினார். எளிய மரச்சட்டம் ஒன்று, அதன் முன்னும் பின்னும் மேசனைட் எனப்படும் ஹார்ட்போர்டு, வெட்டிய ஓரங்களை மறைக்க வினைல் பட்டை. உடல் அவ்வளவுதான், உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு உறை வேண்டுமே என்று யோசித்தவர், உதட்டுச்சாயம் அடைக்கிற உலோகக் குழாயை எடுத்துக்கொண்டார். இன்றும் அதற்கு லிப்ஸ்டிக் பிக்கப் என்றே பெயர். சியர்ஸ் நிறுவனம் சில்வர்டோன் என்ற பெயரில் இவற்றைப் புதிதாகக் கற்பவர்களுக்கு விற்றது. 1962இல் வந்த ஒரு மாதிரியில் கிட்டாரை வைக்கும் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்பும் ஸ்பீக்கரும் இருந்தன. பெட்டியைத் திறந்து நிறுத்தி, கேபிளைச் செருகி வாசிக்கலாம்.

கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்காகச் செய்த இந்தக் கருவியைத்தான் பின்னாளில் லெட் ஜெப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் பெரிய மேடைகளில் வாசித்தார்.

பிக்கப் எப்படி வேலை செய்கிறது என்பது பள்ளிப் பாடம். நிலைக்காந்தம் ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், மேலே எஃகுத் தந்தி. காந்தத்தின் அருகில் இருப்பதால் தந்தியும் காந்தமாகிறது. தந்தி ஆடும்போது சுருளைக் கடக்கும் காந்தப்பாயம் மாறுகிறது. மாறும் பாயம் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது ஃபாரடே 1831இல் கண்டது. கிட்டாரில் இந்த வித்தை 1930களின் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பெரும்பாலான விளக்கங்கள் இத்துடன் முடிந்துவிடுகின்றன. எனக்கு இதற்குப் பிறகு நடப்பதுதான் பிடிக்கும்.

அந்தச் சுருளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் ஒரு பிக்கப்பில் ஏறக்குறைய 8,000 சுற்றுகள் இருக்கும். கம்பி தலைமுடி அளவு மெல்லியது. பிரித்து நீட்டினால் சுமார் ஒரு கிலோமீட்டர் வரும். இவ்வளவு சுற்றுகள் உள்ள சுருளுக்கு மின்தூண்டல் எண் மிக அதிகம், 2.4 ஹென்றி என்று வைத்துக்கொள்ளலாம். மின்னோட்டம் மாறுவதை அது எதிர்க்கும். ஓடுகிற வண்டியை நிறுத்தவும் நிற்கிற வண்டியைத் தள்ளவும் எவ்வளவு சிரமமோ, அப்படி ஒரு நிலைமம் அதற்கு.

அடுத்து, கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் கேபிள். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி மின்காப்பு, அதற்கு மேல் பின்னிய உலோக வலை. இரண்டு கடத்திகள், நடுவில் காப்புப் பொருள்: மின்தேக்கியின் இலக்கணம் இதுதானே? மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றால் 4 மீட்டர் கேபிள் 400 பிகோஃபாரட் மின்தேக்கி. சுருளின் சுற்றுகளே ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு கிடப்பதால் அங்கேயும் 100 பிகோஃபாரட் அளவுக்குச் சேரும். மொத்தம் 500.

மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்தால் ஊஞ்சல். சுருளின் காந்தப்புலத்தில் இருக்கும் ஆற்றல் கேபிளின் மின்புலத்துக்குப் போகிறது, அங்கிருந்து திரும்புகிறது. ஊஞ்சலுக்குத் தனக்கென்று ஒரு வேகம் இருப்பதுபோல் இதற்கும் உண்டு. மின்தூண்டல் எண்ணையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதை இரண்டு பையால் (2π) பெருக்கி, ஒன்றை அதால் வகுக்க வேண்டும். நம் எண்களைப் போட்டால் ஏறக்குறைய 4,600 ஹெர்ட்ஸ். இதுதான் அந்தக் கிட்டாரின் ஒத்ததிர்வு அதிர்வெண். இதற்குக் கீழே உள்ள அதிர்வுகள் கூடாமல் குறையாமல் ஆம்ப்புக்குப் போகும். இதை நெருங்குபவை பெருக்கம் பெறும், வரைபடத்தில் பார்த்தால் ஒரு மேடுபோல். இதைத் தாண்டியவை வேகமாக மங்கும், அதிர்வெண் இரட்டிப்பானால் மின்னழுத்தம் கால் பங்காகும் அளவுக்கு.

கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது, மெல்லிய தந்தி 330இல். அந்த மெல்லிய தந்தியையே 22ஆம் கட்டையில் (ஃப்ரெட்டில்) அழுத்தினாலும் 1,200ஐத் தொடாது. அப்படியென்றால் எந்தச் சுரத்தின் அடிப்படை அதிர்வும் அந்த 4,600 மேட்டின் பக்கம் வருவதில்லை. மேட்டைத் தொடுவதெல்லாம் மேற்சுரங்கள், அடிப்படை அதிர்வின் பல மடங்குகளாகத் தந்தியில் கூடவே பிறக்கும் நுண்ணதிர்வுகள். நீங்கள் எந்தச் சுரத்தை வாசித்தாலும் மேடு நகராது. அந்த இடத்தில் வந்து விழுகிற மேற்சுரம் எதுவோ அது தூக்கிக் காட்டப்படும்.

இதே ஏற்பாடு உங்கள் தொண்டையில் இருக்கிறது. ஒரே சுருதியில் ‘ஆ’ என்று பாடுங்கள், மூச்சு விடாமல் ‘ஈ’க்கு மாறுங்கள். குரல்நாண்களின் அதிர்வு மாறவில்லை, சுருதி அதேதான். வாய்க்குழியின் வடிவம் மாறி, ஒத்ததிர்வு மேடுகள் வேறிடத்துக்கு நகர்ந்தன. காது அதை வேறு உயிரெழுத்தாகக் கேட்கிறது. சுருதியைச் சுரம் தருகிறது, உயிரெழுத்தை வாய் தருகிறது. கிட்டாரில் வாயின் வேலையைச் சுருளும் கேபிளும் செய்கின்றன. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் இந்த மேடும் விழுகிறது. சுருளை வடிவமைத்த யாரும் தொடக்கத்தில் இதைக் கணக்குப் போட்டிருக்க வாய்ப்பில்லை. முதன்முதலில், மின்னலைகளை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் அந்த மேட்டைப் பார்த்த நாளில் நான் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

இனி லிப்ஸ்டிக் பிக்கப்புக்கு வருவோம். அந்தச் சிறு குழாய்க்குள் அதிகச் சுற்றுகளுக்கு இடமில்லை. சுற்று குறைந்தால் மின்தூண்டல் எண் குறையும், மேடு மேலே நகரும். கண்ணாடியைத் தட்டியதுபோல் தெளிவான ஒலி அங்கிருந்து வருகிறது. உலோகக் குழாயும் சும்மா இருப்பதில்லை. மாறும் காந்தப்புலத்தில் நிற்கும் எந்தக் கடத்தியிலும் சுழல் மின்னோட்டம் ஓடும், அது ஊஞ்சலின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகக் கரைக்கும். மேடு உயரத்தில் இருந்தாலும் கூர் மழுங்கியிருக்கும், ஆகவே காதைக் குத்தாது. இதைவிட எனக்குப் பிடித்தது டேனியலின் சுவிட்ச். பெரும்பாலான கிட்டார்களில் இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கவைத்தால் அவை பக்க இணைப்பில் சேரும். டேன்எலக்ட்ரோவில் தொடரிணைப்பில் சேரும். மின்னழுத்தம் கூடுவதால் ஒலி ஓங்குகிறது. மின்தூண்டல் எண்ணும் இரட்டிப்பாவதால் மேடு ஏறக்குறைய பத்தில் ஏழு பங்குக்கு இறங்குகிறது. ஒரு சுவிட்சைத் தள்ளினால் உயிரெழுத்தே மாறுகிறது.

ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர் கதையும் இப்படித்தான். 1958இல் ஜாஸ் கலைஞர்களை மனத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள், அவர்கள் பெரிதாக ஏறெடுத்துப் பார்க்கவில்லை. 1980இல் உற்பத்தி நின்றது. பழைய கருவிகள் மலிவாகக் கிடைத்த அந்தக் காலத்தில்தான் சோனிக் யூத் போன்ற ராக் குழுக்கள் அதைக் கையில் எடுத்தன. அந்தக் கிட்டாரில் ஒலியளவுக் குமிழின் மின்தடை 1 மெகாஓம், ஸ்ட்ராட்டோகாஸ்டரில் 250 கிலோஓம்தான். சுருளின் குறுக்கே இருக்கும் இந்த மின்தடை ஊஞ்சலைப் பிடித்திழுக்கும் கை போன்றது. மின்தடை கூடினால் பிடி தளரும், மேடு நிமிர்ந்து நிற்கும். மேல் பக்கத்தில் இருக்கும் சிறு சுவிட்சைத் தள்ளினால் அதே பிக்கப் 50 கிலோஓம் டோன் குமிழுள்ள வேறொரு சுற்றுக்குப் போகும். இப்போது மேடே இல்லை, மேற்சுரங்கள் அடங்கி இருண்ட, வட்டமான ஒலி. ஜாஸுக்காக வைத்தது இந்த இருட்டு. பின்னால் வந்தவர்கள் மயங்கியது அந்த வெளிச்சத்தில்.

மரம் எங்கே போனது? மின்கிட்டாரின் குரலை மரம்தான் தீர்மானிக்கிறது என்ற நம்பிக்கை வலுவாக வேரோடியிருக்கிறது. மரம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தந்தியின் ஆற்றல் கழுத்துக்குள் கசியும் அதிர்வெண்களில் சில கட்டைகள் சீக்கிரம் ஊமையாகிவிடுகின்றன, அது அளந்து பார்க்கப்பட்ட உண்மை. ஆனால் பிக்கப் கேட்பது தந்தியைத்தான், பலகையை அல்ல. பலகையின் பங்கு தந்தி வழியாகச் சுற்றிக்கொண்டு வரும் சிறு திருத்தம். சுருளின் மேடு ஆயிரம் ஹெர்ட்ஸ் நகர்வதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. ராக் கலைஞர் ஜாக் வைட் வாசித்த ஏர்லைன் கிட்டாரின் உடல் கண்ணாடியிழை, அதில் மர உடலே இல்லை. சில நூறு ஆண்டு வளர்ந்த மரத்தை வெட்டினால்தான் நாதம் வரும் என்று நம்பிக்கொண்டு அரிய மரங்களைத் தேடி அலைவது எனக்கு வருத்தம் தருகிறது. கேபிளின் மேல் அம்புக்குறி அச்சிட்டு, இந்தத் திசையில் செருகினால்தான் ஒலி சுத்தமாக வரும் என்று விற்பதும் அதே வகை. மாறுதிசை மின்னோட்டத்துக்கு அப்படியொரு திசை கிடையாது. கேபிளில் பார்க்கவேண்டியது அதன் நீளமும் மீட்டருக்கு எத்தனை பிகோஃபாரட் என்பதும்.

இந்தப் பேச்சையெல்லாம் ஒரே அளவீட்டில் முடித்துவைக்கலாம், செய்ய ஆளும் பணமும் வேண்டும். இசைக்கருவி இயற்பியலைப் பொழுதுபோக்காகப் பார்க்கும் பழக்கம் ஆய்வு நிதி ஒதுக்குபவர்களிடம் இருக்கிறது. சி.வி. ராமன் 1918இல் வில்லால் இழுக்கப்படும் தந்திகளைப் பற்றி நீண்ட ஆய்வுநூல் எழுதினார், மிருதங்கத்தின் மேற்சுரங்களையும் அளந்தார். அவருக்கு அது பக்கத்து வேலையாகத் தோன்றவில்லை. கிட்டார் சுருள் ஒன்றை அளப்பதற்கு ஒரு கல்லூரி ஆய்வகம் போதும். இளநிலை மாணவர்களின் செய்முறைப் பாடத்தில் இது இல்லாமல் இருப்பது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஆம்ப்பைப் பற்றிச் சுருக்கமாக. இங்கேயும் அதிகம் நேசிக்கப்படுவது கற்பவர்களுக்காகச் செய்த சிறியதுதான். 1950களின் ஃபெண்டர் சாம்ப் வெறும் 5 வாட், கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு 6வி6 வால்வு (மின்னோட்டத்தைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்), 8 அங்குல ஸ்பீக்கர். 5 வாட் போதுமா என்றால், 50 வாட் ஆம்ப் இதைவிட 10 டெசிபல்தான் கூடுதல், காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். சிறிய ஆம்ப்பை அதன் எல்லைவரை திருகலாம், அறை தாங்கும். எல்லையில் வால்வு அலையின் தலையை மெதுவாகத் தட்டையாக்கும், அதுவும் மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒரே மாதிரி அல்ல. அந்தச் சமச்சீரின்மையிலிருந்து இரட்டைப்படை மேற்சுரங்கள் பிறக்கின்றன. அவற்றில் முதலாவது, வாசித்த சுரத்துக்கு நேர் மேல்ஸ்தாயி. இரண்டு வால்வுகள் எதிரெதிராக உழைக்கும் பெரிய ஆம்ப்புகளில் கடைசிக் கட்டத்தின் இரட்டைப்படைகள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். இந்தச் சிறு ஆம்ப்பை 1970களிலேயே கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஒலிப்பதிவுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

ஸ்பீக்கர் கடைசி வடிகட்டி. கிட்டார் ஸ்பீக்கர்கள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே சரசரவென்று இறங்கிவிடும். வால்வு கிளப்பிய கரகரப்பில் பெரும்பகுதி அங்கே அடங்கிவிடுகிறது, நம் 4,600 மேடு மயிரிழையில் உள்ளே தப்பிக்கிறது. அந்த இறக்கத்தின் விளிம்பில் நிற்பதால்தான் மேடு சிறிது நகர்ந்தாலும் குரல் அவ்வளவு மாறுகிறது.

கேள்வி கேட்ட வாசகரிடம் மின்கிட்டார் இருந்தால் ஒன்று செய்து பார்க்கட்டும். கேபிள் செருகும் துளைக்குப் பின்னால் இரண்டு முனைகள் இருக்கும். அவற்றின் குறுக்கே 470 பிகோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால் போதும். மேடு 4,600இலிருந்து 3,300க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்புகளின் மேடு கிடக்கும் வட்டாரம் அது. அதே மரம், அதே தந்தி, அதே விரல், ஆனால் குரல் ‘ஈ’யிலிருந்து ‘ஏ’ பக்கம் சாய்ந்ததுபோல் கேட்கும். ஒலியளவுக் குமிழை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள், குறைத்தால் மேடு தெரியாது. நீளமான கேபிள் வைத்திருப்பவர்கள் 220இல் தொடங்கலாம்.