"அவனே எழுதிக் கொடுத்துட்டான் சார்!"

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஃபைல். ரப்பர் பேண்ட் சுற்றிய நீல நிற பாக்ஸ் ஃபைல், உள்ளே இருபது ரூபாய் முத்திரைத்தாள்கள். "எனக்கு பி.எஃப். பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் தரும்படி சுயநினைவுடனும் முழுச் சம்மதத்துடனும் கேட்டுக்கொள்கிறேன்" என்று பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கொண்டுவந்தவர் இருபத்துமூன்று பேரை வைத்து ஒரு பட்டறை நடத்துபவர். சம்பளத்தை ஒருநாள்கூட இழுத்தடித்தவர் இல்லை. பி.எஃப். அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்ததில் அவருக்கு நிஜமாகவே அதிர்ச்சி.

"நானா வேணாம்னேன்? அவங்களே எழுதிக் கொடுத்தது சார். இதைக் காட்டினா போதும்ல?"

போதாது. சொல்லப்போனால், பி.எஃப். சட்டம் பொருந்தும் என்று தெரிந்தேதான் விட்டீர்கள் என்பதற்கு அந்தத் தாள்களே சாட்சி. தெரியாவிட்டால் எதற்கு எழுதி வாங்கப்போகிறீர்கள்?

இருபது வருடமாகத் தொழிலாளர் சட்ட ஆலோசகராக இருக்கிறேன். சட்டம் மாறுகிறது, படிவம் மாறுகிறது, எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டது. இந்த ஒரு நம்பிக்கை மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டம் வாசலோடு திரும்பிப் போய்விடுமாம். பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர் ஹெல்மெட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் போலீஸ்காரர் விட்டுவிடுவாரா? சட்டத்தின் நோக்கத்தையே தோற்கடிக்கிற ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது: தனக்குச் சேர வேண்டிய தொகையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி போடும் ஒப்பந்தம் செல்லாது. பாக்கி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையதுதான்.

முத்திரைத்தாளில் எழுதினாலும் நோட்டரி முத்திரை குத்தினாலும் இதேதான். வேலை கிடைக்குமா என்ற பயத்தோடு எதிரே நிற்கிறவரிடம் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடத்தான் செய்வார். அது தெரிந்துதான் சட்டத்தை அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பி.எஃப். ஊதிய உச்சவரம்புக்கு மேல் சம்பளத்தில் சேருகிறவர், அதற்கு முன் எங்கேயும் உறுப்பினராக இருந்ததில்லை என்றால், சேரும்போதே வெளியே இருக்கலாம். நம் பதினொரு பேரில் ஒருவர்கூட அந்த வரம்பின் பக்கத்தில் இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒருவருக்கு பி.எஃப். கணக்கிடும் ஊதியம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். முதலாளி பங்கு 12 சதவீதம், தொழிலாளி பங்கு 12 சதவீதம், இரண்டும் சேர்த்து மாதம் 2,880. ஆறு வருடத்துக்கு 2,07,360. பதினொரு பேருக்கு 22,80,960. வட்டி, அபராதம், நிர்வாகக் கட்டணம் எல்லாம் தனி. தொழிலாளியின் பங்கையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். அந்தந்த மாதத்தில் பிடிக்காமல் விட்டதை இப்போது அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது. இதைச் சொன்னதும் மனிதர் தண்ணீர் கேட்டார்.

ஃபைலின் அடியில் இன்னொரு கட்டு இருந்தது. தேதி போடாத ராஜினாமாக் கடிதங்கள், வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கியவை. எல்லாம் ஒரே கையெழுத்து, கீழே ஒப்பம் மட்டும் வேறு வேறு. எல்லாவற்றிலும் "ராஜிணாமா" என்று ஒரே பிழை. பஞ்ச் ஓட்டையைச் சுற்றித் துருக்கறை. போன மாதம் ஒருவரை நிறுத்தியபோது அவருடைய கடிதத்தில் மட்டும் புத்தம்புதுப் பேனாவில் தேதி ஏறியிருக்கிறது. லேபர் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் இந்தப் பதினொன்றையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினால் போதும், வாதாடவே வேண்டாம்.

"சரி சார், அவனாவே நின்னுட்டான்னு சொல்லிடலாமா?" அதுவும் நடக்காது. வேலைக்கு வராமல் இருந்தார் என்று சொல்லிப் பெயரை அடித்துவிட முடியாது, விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. வராத ஆளுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் விசாரணை. தபால் செலவுக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, பின்னால் பல வருடச் சம்பள பாக்கியைத் தூக்கிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய பழக்கத்துக்கே இவ்வளவு என்றால், புதுச் சட்டத்தை யாரும் திறந்தே பார்க்கவில்லை. 29 தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கிய தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு சார்" என்கிறார்கள். சின்ன முதலாளியைத்தான் இது முதலில் கடிக்கும், ஏனென்றால் சம்பளத்தை உடைத்துப் போடும் வித்தையை விடாப்பிடியாகச் செய்வது அவர்தான்.

மொத்தம் 20,000. அதில் அடிப்படைச் சம்பளம் 6,000, வீட்டு வாடகைப் படி 9,000, போக்குவரத்துப் படி 5,000. இப்படிப் போட்டால் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, குறையும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் அக்கவுண்டன்ட். (அக்கவுண்டன்ட் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், உங்களிடமிருந்துதான் எனக்குப் பாதி வேலை வருகிறது.) இனி ஊதியக் கணக்கில் சேராத இந்த மாதிரிப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும். இங்கே படிகள் 14,000, பாதி 10,000. மிச்சம் 4,000 அடிப்படையோடு ஏறி ஊதியம் 10,000 ஆகிறது. கடைசியாக வாங்கிய ஊதியத்தில் வருடத்துக்குப் பதினைந்து நாள், மாதத்துக்கு 26 நாள் என்பதுதான் கிராஜுவிட்டிக் கணக்கு. பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு முன்பு 34,615 ரூபாய் வந்தது, இப்போது 57,692. உடைத்துப் போட்டதில் மிஞ்சியது சம்பளச் சீட்டில் நாலு வரி அதிகம், அவ்வளவுதான்.

குறித்த காலத்துக்கு கான்ட்ராக்ட் போட்டு எடுக்கிறீர்களா? ஒப்பந்தக் காலம் முடிந்து போகிறவருக்குக் கிராஜுவிட்டிக்கான ஐந்து வருடக் கணக்கு இனி இல்லை. ஒரு வருடம் முடித்தாலே உண்டு.

வேலையை விட்டுப் போகிறவரின் சம்பள செட்டில்மென்ட் இரண்டு வேலை நாளுக்குள். நீக்கினாலும் சரி, அவராக ராஜினாமா செய்தாலும் சரி. "அடுத்த மாசம் பத்தாம் தேதி வந்து வாங்கிக்கோ" என்பதெல்லாம் முடிந்த கதை.

கொள்கைக் கையேடு சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. இன்னொரு வாடிக்கையாளர் இணையத்திலிருந்து நாற்பது பக்கக் கையேட்டை இறக்கி, தன் லோகோவை ஒட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பதினான்காம் பக்கத்தில் வேறொரு கம்பெனியின் பெயர் அப்படியே நிற்கிறது. அதற்கடுத்த பக்கத்தில் அப்பாவாகும் ஆண்களுக்கு மூன்று வாரம் சம்பளத்துடன் விடுப்பு. ஒரு பையன் அதைப் படித்துவிட்டு விண்ணப்பித்தான். முதலாளி கொதித்துப்போய் எனக்கு ஃபோன் செய்தார். கொடுங்கள் என்றேன். சட்டத்தைவிடக் குறைவாகத் தருகிறேன் என்று எழுதினால்தான் செல்லாது. அதிகம் தருகிறேன் என்று எழுதினால் தாராளமாகச் செல்லும்.

கல்யாணம் ஆனால், கர்ப்பமானால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று பெண்களிடம் எழுதி வாங்கும் முதலாளிகளிடம் எனக்குப் பொறுமை கிடையாது. பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் விடுப்பு உண்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அந்த விடுப்பில் இருப்பவரை நீக்குவது குற்றம். தயவுசெய்து அந்தத் தாளோடு என்னிடம் வராதீர்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒவ்வொருவருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுங்கள். பழைய ஆட்களுக்கும் புதுச் சட்டம் வந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். சம்பளத்தை வங்கியில் போடுங்கள். வருகைப் பதிவேட்டை அன்றன்றைக்கு எழுதுங்கள், மாதக் கடைசியில் ஒரே பேனாவில் நிரப்பாதீர்கள், பார்க்கிறவருக்குத் தெரியும். இருபதாவது ஆளை எடுக்கும் முன் பி.எஃப்., பத்தாவது ஆளை எடுக்கும் முன் இ.எஸ்.ஐ. பற்றி ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது.

பீரோவில் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் வைத்திருப்பவர்கள் நாளைக்கே எடுத்து, எழுதிக் கொடுத்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேஸ் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் மட்டும் ஒன்றையும் தொடாதீர்கள், கிழிக்காதீர்கள், தேதி போடாதீர்கள். ரப்பர் பேண்டைக்கூட அவிழ்க்காமல் அப்படியே உங்கள் வக்கீலிடம் கொண்டுபோங்கள்.