பாப்டிஸ்ட்: சொல்லுக்குள் இருக்கும் முழுக்கு

லுத்தரன், மெதடிஸ்ட் என்பதுபோல பாப்டிஸ்ட் என்பதையும் ஒரு கிறிஸ்தவச் சபைப் பெயர் என்று கடந்துபோகிறோம். ஆனால் இந்தப் பெயருக்குள் ஒரு வினைச்சொல் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘பாப்டிசோ’ என்றால் முக்கு, அமிழ்த்து. கப்பல் மூழ்கியதைச் சொல்லவும் பழைய கிரேக்கர்கள் இதையே எழுதினார்கள். முழுக்குத் தருபவர் ‘பாப்டிஸ்டேஸ்’. இது இயேசுவுக்கு முழுக்குக் கொடுத்த யோவானுக்கு வந்த பட்டம். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 17ஆம் நூற்றாண்டில் ஒரு கூட்டத்தாருக்குப் பெயரானது.

1609இல் ஆம்ஸ்டர்டாமில் அகதிகளாக இருந்த ஆங்கிலேயர் சிலர், ஜான் ஸ்மைத் தலைமையில், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்டவருக்கே அது உரியது என்று முடிவெடுத்தார்கள். அப்போது தலையில் தண்ணீர் ஊற்றத்தான் செய்தார்கள். உடல் முழுவதும் நீருக்குள் போகவேண்டும் என்று திட்டமாக எழுதியது 1644ஆம் ஆண்டின் லண்டன் விசுவாச அறிக்கை. தங்களை ‘அனபாப்டிஸ்ட்’, அதாவது மறுமுழுக்கர், என்று அழைப்பது தவறு என்பதையும் அதன் தலைப்பிலேயே போட்டார்கள். சரிதானே? குழந்தையில் பெற்றது முழுக்கே இல்லை என்பவருக்கு ‘மறு’ எங்கிருந்து வரும்?

முழுக்கைப் போலவே பாட்டுக்கும், வேதத்தில் கட்டளை இருக்கிறதா என்ற கேள்வி வந்தது. லண்டன் சவுத்வார்க்கில் போதகராக இருந்த பெஞ்சமின் கீச், திருவிருந்துக்குப் பின் சபை சேர்ந்து பாடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். இயேசுவும் சீடர்களும் இராப்போஜனம் முடித்து ஸ்தோத்திரப்பாட்டுப் பாடினார்கள் என்ற மத்தேயு 26:30 அவருக்கு ஆதாரம். மனிதர் எழுதிவைத்த பாட்டை எல்லாரும் சேர்ந்து பாட வேதத்தில் இடமில்லை என்று சக பாப்டிஸ்டான ஐசக் மார்லோ எதிர்த்து எழுதினார். கீச் 1691இல் பதில் நூல் வெளியிட்டார். மனம் ஒப்பாத சிலர் பிரிந்துபோய்த் தனிச் சபை அமைத்தார்கள். இன்று அமெரிக்காவின் பழைமை பேணும் பாப்டிஸ்டுகளிடம் பியானோவும் பழைய பாமாலையும் போதுமா, கிதாரும் டிரம்ஸும் வரலாமா என்று நடக்கும் வாக்குவாதம் அந்தப் பழைய வழக்கின் தொடர்ச்சிதான். தீர்ப்புச் சொல்லப் பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது; கூட்டமைப்பில் சேர்வதும் விலகுவதும் அதன் விருப்பம். அதனால்தான் ஒரே விசுவாச அறிக்கையில் கையெழுத்திடக்கூடிய இரண்டு சபைகள் பாட்டை முன்னிட்டு வேறு வேறு ஐக்கியத்தில் இருக்க முடிகிறது.

‘அடிப்படைவாதி’ என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட சொல்லும் இவர்களிடம் பிறந்ததே. கர்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர் 1920இல் அதை உண்டாக்கினார், விசுவாசத்தின் அடிப்படைகளுக்காகப் போராடுபவர் என்ற பெருமையான பொருளில். தமிழில் அந்தச் சொல் வசையாகிவிட்டதால், சபை வரலாறு எழுதும்போது கவனமாகக் கையாள வேண்டும்.

அப்புறம், தமிழ்ச் சொல் எது? பழைய வேதாகமம் ஞானஸ்நானம், யோவான்ஸ்நானன் என்கிறது. ஸ்நானம் என்பது நீராடல். எப்படி என்று அது சொல்வதில்லை. கத்தோலிக்க வழக்கில் திருமுழுக்கு. முழுகு என்பதிலிருந்து வந்த முழுக்கு. மயிலாடுதுறையில் ஐப்பசி மாதம் துலா முழுக்கு என்று நாம் சொல்லும் அதே சொல். தலையில் நீர் ஊற்றும் சபைகளிடம் முழுக்கு என்ற சொல் இருப்பதும், மூழ்கித்தான் ஆகவேண்டும் என்பவர்கள் ஞானஸ்நானம் என்பதும் எனக்கு எப்போதும் வியப்பு. கல்கத்தா பாப்டிஸ்ட் மிஷனரிகள் வங்காளப் புதிய ஏற்பாட்டில் அமிழ்த்துதல் என்று பொருள்படும் சொல்லையே போட்டார்கள். அதற்காக வேதாகமச் சங்கங்கள் உதவ மறுக்க, 1836இல் அமெரிக்க பாப்டிஸ்டுகள் தனிச் சங்கமே தொடங்கினார்கள். அவர்கள் வழக்காடிய பொருள் தமிழில் ஒரே சொல்லில் கிடைக்கிறது. பழைய பழக்கத்தை விட்டவரை ‘முழுக்குப் போட்டுவிட்டார்’ என்கிறோமே, பழைய வாழ்வு புதைந்து புதிதாய் எழுவது என்று ரோமர் 6 சொல்வதற்கு எவ்வளவு அருகில் வருகிறது!

ஆகவே சபைப் பெயராக பாப்டிஸ்ட் என்றே எழுதலாம். பொருள் சொல்லும் இடத்தில் ‘முழுக்குச் சபையார்’ என்று எழுதலாம். அவர்களுடைய கோட்பாட்டுக்கு ‘விசுவாசிகளின் முழுக்கு’. மறுமுழுக்கர் என்பதை மெனோனைட் சபையார் தோன்றிய அனபாப்டிஸ்ட் மரபுக்கு விட்டுவிடலாம்.