"ஒரு வரிதானே, சேர்த்துவிடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு

பயனர்கள் எழுதும் சூத்திரங்களை வாங்கி விடை தரும் நிரல் நூலகம் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். சம்பளப் பட்டியலிலிருந்து வட்டிக் கணக்கு வரை பல மென்பொருள்களுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் புதிய உள்ளிணைந்த செயற்கூறு (சூத்திரத்தில் பெயர் சொல்லி அழைக்கும் ஆயத்தக் கணக்கு) வேண்டும் என்று வரும் கோரிக்கைகள் எல்லாம் "ஒரு வரிதானே, சேர்த்துவிடுங்கள்" என்றே முடிகின்றன. வரி ஒன்றுதான், மறுக்கவில்லை. பெயரை அட்டவணையில் பதிந்து, பைதான் நிரல்மொழியில் ஏற்கெனவே இருக்கும் செயற்கூறை அதனோடு கோத்துவிட்டால் ஓடும். அப்படிக் கோத்த ஒரு வரிக்காகச் சென்ற மாதம் ஒரு வாரம் முழுவதையும் இழந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நிறுவனத்தில், ஆண்டு முடிவில் மிச்சமிருக்கும் விடுப்பை முழு நாளாக்கிப் பணமாகக் கொடுக்கிறார்கள். அரை நாள் விடுப்பு எடுப்பவர்கள் மிகுதி என்பதால், மிச்சம் .5 என்று முடிவது அங்கே அன்றாடச் செய்தி. எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பின்ன எண்ணை முழு எண்ணாக்கும் ரவுண்ட் என்ற செயற்கூறைச் சேர்த்து, பைதான் 3-இன் ரவுண்டை அப்படியே அதில் இணைத்திருந்தார். 6.5 நாள் வைத்திருந்தவருக்கு 6 நாள் பணம் வந்தது, 7.5 நாள் வைத்திருந்தவருக்கு 8 நாள் பணம் வந்தது. எக்செலில் சரிபார்த்த கணக்குப் பிரிவு அம்மையார் என்னை அழைத்து, "ஏன் சார், உங்க சாஃப்ட்வேருக்கு ஒற்றைப்படை எண் ஆகாதா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாலும், கோளாறு இருந்த இடத்தை அவர் சரியாகத் தொட்டுவிட்டார்.

என்னை எரிச்சலூட்டியது பிழையன்று. அதற்குக் கிடைத்த விளக்கம். "கணக்கு எங்கேயும் ஒன்றுதானே, பைதான் தப்பாகவா சொல்லும்?" என்றார் தம்பி. பைதான் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் சரிபாதியில் நிற்கும் ஓர் எண்ணை எந்தப் பக்கம் தள்ளுவது என்பது கணித உண்மையன்று. நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு. பைதான் 3 அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுகிறது. பல எண்களைக் கூட்டும்போது பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்துவிடக் கூடாது என்பது அதன் நியாயம். எக்செல் பணித்தாளின் ரவுண்ட் பூச்சியத்தை விட்டு விலகும் பக்கம் தள்ளுகிறது, ஆகவே 2.5 என்பது 3 ஆகும், -2.5 என்பது -3 ஆகும். ஜாவாஸ்கிரிப்டில் 2.5 என்பது 3 ஆகும், -2.5 என்பதோ -2 ஆகும். பைதான் 2-இல் 2.5-க்கு 3 என்றே விடை வந்தது. எக்செலோடு வரும் விபிஏ என்ற நிரல்மொழியின் ரவுண்ட், அதே எக்செலின் பணித்தாளோடு ஒத்துப்போவதில்லை. இவற்றுள் எதுவும் தவறன்று. சூத்திரம் எழுதுபவர் எந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்து எழுதுகிறார் என்பதுதான் கேள்வி. நம் நூலகம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

ரவுண்டோடு இது நிற்பதில்லை. மடக்கை காணும் லாக்(100) என்றால், 10-ஐ அடியாகக் கொள்ளும் எக்செலில் 2, இயல் மடக்கை எடுக்கும் பைதானில் 4.605. வகுத்த மீதியைத் தரும் மாட்(-7, 3) என்றால் எக்செலில் 2. சி மொழியின் மீதக் குறியைக் கோத்துவிட்டால் -1. ஒரு புள்ளியின் கோணத்தைத் தரும் ஏடேன்2 எக்செலில் எக்ஸை முதலில் கேட்கும், சி மொழியில் ஒய்யை முதலில் கேட்கும். மாறிப்போனால் பிழைச் செய்தி வராது, தவறான கோணம் மட்டும் வரும். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் நமக்கு 3 எழுத்து, துணைக்குறியையும் புள்ளியையும் தனியே எண்ணும் பைதானுக்கு 5, பைட்டுகளை எண்ணும் கோ மொழியின் லென்னுக்கு 15. படிவத்தில் பெயரின் நீளத்தைச் சோதிக்கும் சூத்திரத்தை எழுதியவர் இந்த மூன்றில் எதைக் கேட்டார் என்று யாராவது விசாரித்தீர்களா?

நிபந்தனையைப் பார்த்து இரண்டில் ஒரு விடையைத் தரும் இஃப் செயற்கூறைத் தயவுசெய்து மற்றவற்றைப் போல் பதியாதீர்கள். இஃப்(அளவு=0, 0, தொகை/அளவு) என்று பயனர் எழுதுவதே பூச்சியத்தால் வகுப்பதைத் தவிர்க்கத்தான். அடைப்புக்குள் இருக்கும் மூன்று அளபுருக்களையும் முதலிலேயே கணக்கிட்டுவிட்டு இஃபிடம் கொடுத்தால், அவர் காவலுக்கு வைத்த நிபந்தனையைப் பார்ப்பதற்கு முன்பே சூத்திரம் கவிழ்ந்துவிடும்.

நிரல்மொழியின் ஒரு செயற்கூறுத் தொகுதியை அப்படியே முழுவதுமாகத் திறந்துவிடும் சோம்பேறித்தனத்தை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை. அப்பாச்சி காமன்ஸ் டெக்ஸ்ட் நூலகம் சரங்களுக்குள் (எழுத்துத் தொடர்களுக்குள்) மதிப்புகளை இட்டு நிரப்பும் வசதியோடு, நிரலை ஓட்டுவதையும் இணைய முகவரியிலிருந்து தரவைக் கொண்டுவருவதையும் இயல்பாகவே திறந்து வைத்திருந்தது. சிவிஇ-2022-42889 என்ற பாதுகாப்புக் குறைப் பதிவெண்ணோடு 2022 அக்டோபரில் அந்த ஓட்டை வெளிவந்தது, 1.10.0 பதிப்பில் அவற்றை இயல்பாக மூடிவைத்தார்கள். உங்கள் சூத்திரப் பெட்டியில் எழுதுபவர் எல்லாரும் நல்லவர் என்று எண்ணாதீர்கள். கெட்ட எண்ணமே இல்லாத ஒருவர்கூட, ஒரு சரத்தை நூறு கோடி முறை திருப்பி எழுதும்படி கேட்டு வழங்கிக் கணினியைப் படுக்க வைத்துவிட முடியும். எனவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சேருங்கள், அளவுக்கு உச்ச வரம்பு வையுங்கள்.

சேர்க்கும் முன் 0.5, -0.5, பூச்சியம், வெற்று மதிப்பு, எண் கேட்கும் இடத்தில் சரம் ஆகியவற்றுக்கு என்ன விடை வரவேண்டும் என்று எழுதிக் காட்டுங்கள். எழுத முடியவில்லையென்றால் அந்தச் செயற்கூறு இன்னும் தயாராகவில்லை. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள், ஏனெனில் வெளியில் போன செயற்கூறைத் திரும்ப வாங்க முடியாது. 1900-ஐ லீப் ஆண்டாக எண்ணும் பிழையை, லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளின் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எடுத்துக்கொண்ட எக்செல் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது.

எங்கள் ரவுண்டுக்கும் அதே கதிதான். அந்த அம்மையாருக்காக அதைத் திருத்தலாம் என்று பார்த்தால், வேறொரு வாடிக்கையாளரின் வட்டிச் சூத்திரங்கள் அதே இரட்டைப்படை விடையை நம்பித் தணிக்கையையும் முடித்திருந்தன. எக்செலைப் போல் முழுதாக்கும் இன்னொரு செயற்கூறை வேறு பெயரில் சேர்த்து, விடுப்புச் சூத்திரத்தை அதற்கு மாற்றிக் கொடுத்தோம். பழைய ரவுண்டை அப்படியே விட்டு, அதன் விளக்கத்தில் 6.5-க்கு 6, 7.5-க்கு 8 என்று எழுதி வைத்திருக்கிறேன்.