தளபதி மியூராவை விடைத்தாளில் எழுதாதீர்கள்

கல்லூரியில் ஆசிய வரலாறு நடத்துகிறேன். சீனாவில் ஜப்பானிய ஆக்கிரமிப்பு பற்றிய மாணவர் கட்டுரைகளில் இந்தப் பருவமும் ஜப்பானியத் தளபதி மியூரா ஆஜர். தென் சீனாவின் ஃபோஷான் நகரில் விங் சுன் தற்காப்புக் கலை ஆசான் இப் மேனிடம் தோற்றவராம், அடிக்குறிப்பு வேறு! மியூரா, 2008இல் வந்த 'இப் மேன்' படத்துக்காகப் படைக்கப்பட்ட பாத்திரம். அந்த மேடைச் சண்டையும் கற்பனை. போகட்டும், சினிமாவுக்கு அந்த உரிமை உண்டு.

"சண்டைதான் மிகை சார், வாழ்க்கை உண்மை" என்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. படத்தின் முடிவில் ஜப்பானியர் சுட்ட காயத்தோடு இப் மேன் ஹாங்காங்குக்குத் தப்புகிறார். உண்மையில் அவர் ஃபோஷானை விட்டுப் போனது 1949இல். ஜப்பான் சரணடைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, வென்றுகொண்டிருந்தவர்கள் கம்யூனிஸ்டுகள். போருக்குப் பின் அவர் கம்யூனிஸ்டுகளின் எதிரியான குவோமின்டாங் கட்சி அரசின் காவல் துறையில் பணியாற்றியவர். ஏன் கிளம்பினார் என்று வரலாற்று மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சீனத் தணிக்கையைத் தாண்ட வேண்டிய படம் அந்த நான்கு ஆண்டுகளைத் தொடவே இல்லை.

காவல் சீருடை படத்தில் இருக்கிறது, லீ சாவ் என்ற வேறொருவர் உடம்பில். அவர்தான் பிறகு ஜப்பானியரின் மொழிபெயர்ப்பாளர் ஆகிறார். நாயகனின் உத்தியோகம் கறைபடிந்த பாத்திரத்துக்குப் போய்விட்டது. நாயகனுக்கு எந்த அரசோடும் ஒட்டுறவில்லை. இதை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். (ஒருவரும் எழுதவில்லை.)

வர்க்கமும் இப்படித்தான் கரைகிறது. படத்தில் வேலைக்கே போகாத பணக்காரரான இப் மேன் நிலக்கரி சுமக்கிறார். பஞ்சாலை முதலாளியும் தொழிலாளிகளும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். பகை எல்லாம் ஆலைக்கு வெளியிலிருந்து வருகிறது.

இனி படம் பார்க்கும்போது பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். கதை எந்த ஆண்டில் நிற்கிறது, எந்த ஆண்டுக்குத் தாவுகிறது என்று குறியுங்கள். எந்த அரசின் பெயர் வரவே இல்லை என்று பாருங்கள். கடைசியில் திரையில் ஓடும் எழுத்துகளைச் சான்றாகக் காட்டாதீர்கள். 1938 அக்டோபரில் ஃபோஷானுக்குப் பக்கத்துப் பெருநகரான குவாங்சௌ ஜப்பானியரிடம் வீழ்ந்த பிறகு அந்த வட்டாரம் பட்ட பாடு பொய்யில்லை. அதைப் பற்றி நூலகத்தில் புத்தகங்கள் இருக்கின்றன, தயவுசெய்து புரட்டுங்கள்.

அடுத்த பருவத்துக்கு ஹாங்காங்கில் பிரிட்டிஷ் ஆட்சி என்ற தலைப்பு கொடுத்திருக்கிறேன். 'இப் மேன்' இரண்டாம் பாகத்தில் வரும் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரரை என் மேசைக்கு அனுப்பிவிடாதீர்கள்.